கண்மாய்க்கு மேல்புறம் ஒரு மீன் குட்டை

ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை பரளச்சிப் பக்கம் அத்தை ஊருக்குப் போய் வந்தேன். மீன் வளர்க்கிற பண்ணைக்குட்டைகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். விண்ணப்பத்தை நிரப்பித் தர, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என்னை அத்தை கூப்பிட்டிருந்தார். அன்று மாலை கனமழை என்று வானிலை அறிவிப்பு. அதனால் காலையிலேயே கிளம்பினேன்.

அருப்புக்கோட்டையில் 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருச்சுழியில் விண்ணப்பத்துக்கு இரண்டு நகல் எடுக்க ஆறு ரூபாய். அடுத்த பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். அங்கே உட்கார்ந்து, விண்ணப்பத்தோடு தந்திருந்த விதிமுறைக் கையேட்டைப் படித்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை. தப்பித்துக் கண்மாய்க்குள் போனால் அங்குள்ள மீன்களையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். கோழிக்கழிவைத் தின்று மளமளவென்று வளரும்.

அத்தை வீட்டில் கோழிக்கழிவு நாற்றம் அடித்ததைப் போன முறையே கவனித்திருந்தேன்.

இறங்கிய இடத்திலிருந்து குட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியும் கனத்தது. அத்தை வலை வீசி ஒன்றைப் பிடித்துக் காட்டினார். உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக, நீண்ட மீசையோடு, ஒன்றரைக் கிலோ இருக்கும்.

"எத்தனை மாசம் அத்தை?"

"ஆறு மாசந்தான் தாயி. நாட்டுத் தேளிக் கெளுத்தின்னு வண்டிக்காரன் குஞ்சு குடுத்துட்டுப் போனான்."

"நாட்டுத் தேளி இவ்வளவு சீக்கிரம் வளராது அத்தை. இது தடை செஞ்ச ஆப்பிரிக்கக் கெளுத்தி."

பக்கத்துத் தோட்டத்துச் செல்லத்தாயி களை வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏக்கா, டவுனுப் பிள்ள மீனுக்குச் சாதிச் சர்டிபிகேட்டு கேக்குது பாரு!"

அத்தை சிரிக்கவில்லை. "கட்லா, ரோகுன்னு எழுதிரு. யாரு வந்து பாக்கப் போறாக?" என்றார்.

பேனா என் கையில் இருந்தது. 'வளர்க்கும் மீன் இனம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் குட்டையைச் சுற்றி நடந்தேன். கிழக்கு மூலையில் ஒரு வாய்க்கால், ஊர்க் கண்மாய்க்குப் போகிற ஓடையில் சேர்ந்தது. ஓடைத் தண்ணீரைக் குட்டைக்குத் திருப்ப அத்தையே வெட்டியது. அதில் வலையும் இல்லை, அடைப்பும் இல்லை.

"குட்டை நெறஞ்சா தண்ணி இது வழியாத்தான் போகுமா?"

"உள்ள வாரதுக்கு வெட்டுனது தாயி. இந்த ஊருல தண்ணி வெளிய போகும்னு எவளாச்சும் நெனைப்பாளா?"

குட்டை நிறைய இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. கண்மாயில் விரால், குரவை, அயிரை எல்லாம் இருக்கின்றன. பங்குனியில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி அவற்றைப் பிடிக்கும். கையேட்டில் இருந்ததை நான் வாசிக்க வாசிக்க, செல்லத்தாயி கிட்டே வந்து நின்றார்.

"அப்ப எங்க கொழம்புக்கு மண்ணு விழுந்துரும்போல," என்றார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

அத்தை வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளதையே எழுது," என்றார். "ஆறு மாசப் பாடு போகும். போகட்டும்."

கையேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்; மீன்வளத் துறை அலுவலர் திங்கள் காலை வருவதாகச் சொன்னார். அதுவரை மீனை விற்கக் கூடாது, தண்ணீரை வெளியே விடக் கூடாது. நாங்கள் மூவரும் உரச் சாக்குகளில் மண் அள்ளி வாய்க்காலை அடைத்தோம். 3.20 பஸ்ஸில் ஏறியபோது தூறல் ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை அத்தை போன் செய்தார். "சாக்கு நிக்குது தாயி. ஆனா மீனு ஒண்ணு மழையில கரையேறி ஓடைப் பக்கமா நெளிஞ்சுக்கிட்டுப் போச்சு. பிடிச்சுட்டேன்." பிறகு, "நான் பாக்காம எத்தனை போச்சோ," என்றார். திங்களன்று மீதி மீன்களையெல்லாம் அரித்தெடுத்துக் குழியில் புதைத்தார்களாம்.

குட்டை வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: மழைக்கு முன்னால் போங்கள். மீனைப் பார்க்கும் முன், நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பாருங்கள். குஞ்சு விற்றவர் சொன்ன பெயரை நம்பாதீர்கள். திரும்பி வர 3.20 பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது 5.45தான்.

கண்மாய் இந்த வருடம் நிறைந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை மட்டும் தினமும் காலையில் கரையில் நின்று, தண்ணீருக்குள் எது புரண்டாலும் உற்றுப் பார்க்கிறாராம்.