டேங்க் நிரம்பித்தான் இருந்தது

என் பொய்யால் ஒரு மெக்கானிக்கின் வேலை போனது. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள் என் முதல் தனிப் பறப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைவிட இது அவர்களுக்கு உபயோகப்படும்.

ஏழு சுற்று

ஐம்பதுகளின் தொடக்கம். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சென்னையில் ஒரு பிளையிங் கிளப்பில் நான் மாணவன். வளவனூரில் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மகன் பைலட் ஆகப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அன்று எனக்குத் தனியாக கிராஸ் கன்ட்ரி. விழுப்புரம் ஜங்ஷன் வரை போய், இறங்காமல் திரும்ப வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் மேப்பில் விரலை வைத்தார். "ரயில் லைனைப் பிடிச்சுக்கிட்டே போ. விழுப்புரத்துல லைன் அஞ்சாப் பிரியும். கிழக்கே போற லைன் பக்கம் தலைவெச்சும் படுக்காதே. பிரெஞ்சு எல்லை. போனேன்னு தெரிஞ்சா உனக்கு லைசென்ஸே கிடையாது."

எங்கள் டைகர் மாத் பயிற்சி விமானத்தில் பெட்ரோல் டேங்க் மேல் இறக்கையின் நடுவில் இருக்கும். அளவு காட்டும் மிதவை அடிக்கடி சிக்கிக்கொள்ளும்; அதை யாரும் நம்புவதில்லை. மெக்கானிக் அந்தோணிசாமி பெட்ரோல் ஊற்றி, குச்சி விட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, டேங்க்கை இரண்டு தட்டுத் தட்டி "புல்" என்பார். பைலட்டும் ஏறி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. யாரும் ஏறுவதில்லை. அந்தோணிசாமி தட்டினால் போதும் என்பது எங்கள் பழக்கம்.

அவர் திண்டிவனம் பக்கம் பெருமுக்கல்காரர். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அன்றும் டேங்க்கைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "திண்டிவனத்துகிட்ட எங்க ஊரு மலை தெரியும். இடிச்சிடாதீங்க சார், கோயிலு இருக்குது. என்னைத்தான் கேப்பாங்க."

விழுப்புரம் வந்ததும் நான் கிழக்கே திரும்பினேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன் என்று அப்பாவுக்கு முன்பே கடிதம் போட்டிருந்தேன். அந்தக் கிழக்கு லைனில்தான் வளவனூர்; களத்தில் அடையாளத்துக்கு வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். மண்டி ஆட்கள் துண்டைச் சுழற்றினார்கள். ஒரு சுற்றோடு போயிருக்கலாம். ஏழு சுற்றினேன். ஒவ்வொரு முறையும் தாழ இறங்கி, முழு பவரில் ஏறினேன். அரை மணிக்கு மேல் போயிற்று. திரும்பும்போது எதிர்க்காற்று வேறு.

திண்டிவனம் தாண்டியதும் என்ஜின் இரண்டு முறை திக்கி நின்றுபோனது. கோடையில் வறண்ட ஏரி ஒன்று கண்ணில் பட்டது. இறங்கிவிட்டேன். கடைசியில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து, விமானத்தின் மூக்கு தரையில் குத்தி, புரொபெல்லர் உடைந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு விவசாயி வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"பெட்ரோல் தீந்துபோச்சுங்க."

"அவ்ளோதானா? நம்ம பம்ப்செட்டுக்கு வாங்கின சீமெண்ணெ கெடக்குது. ஊத்திக்கினு போறியா?"

கமிட்டி அறை

"புல் டேங்க்னா எப்படித் தீரும்?" என்று கிளப்பின் விசாரணைக் கமிட்டியில் கேட்டார்கள்.

"மெக்கானிக் புல்னு சொன்னார் சார். நம்பினேன்."

"ரூட்டை விட்டு எங்கேயாவது விலகினியா?"

"இல்லை சார்."

அந்தோணிசாமி சுவரோரம் நின்றிருந்தார். "குச்சி விட்டுப் பாத்தேன் சார். புல்லுதான்" என்றார். அன்றைக்கே வேலை போனது. மூடியைத் திறந்து பார்க்காததற்காக எனக்கு ஒரு கண்டிப்பு மட்டும்.

பெருமுக்கல்

இரண்டு வருடம் கழித்து பி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அதுதான் வேண்டும். லாக் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் உண்மை என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'பெட்ரோல் குறைவாக நிரப்பியதால் கட்டாய இறக்கம்' என்ற வரியில் பேனா நின்றது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன்.

பெருமுக்கலில் அந்தோணிசாமி தன் சின்னப் பட்டறையில் ஒரு பம்ப்செட் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, ஏழு சுத்துக்காரரே."

"ஏழுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"போன மாசம் வளவனூருக்கு இஞ்சின் பாக்கப் போனேன். உங்க மண்டியில ஒரே பெருமை. 'எங்க மொதலாளி புள்ள ஏழு சுத்து சுத்திக்கினு போச்சு'ன்னாங்க. பெட்ரோல் எங்க போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"ஏன் கிளப்புக்கு எழுதலை?"

"மண்டி ஆளுங்க மொதலாளி புள்ளைக்கு எதிரா வந்து சொல்லுவாங்களா? வேலை போனது போவட்டும் சார், பொழச்சிக்கினேன். ஆனா ரெண்டு வருசமா எனக்கே சந்தேகம். குச்சிய சரியாப் பாத்தனா இல்லியான்னு. படுத்தா அதே பேஜாரு. போன மாசந்தான் நல்லாத் தூங்கினேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தை மிகச் சிறியதாகப் பட்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கிளப்புக்கு ஒன்று, விமானத் துறைக்கு ஒன்று என்று இரண்டு கடிதம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"'சில சுற்றுகள்'னு போட்டிருக்கீங்க. ஏழுன்னு எழுதுங்க சார்."

திருத்தி எழுதினேன்.

ஏணி

என் லைசென்ஸை ஒரு வருடம் முடக்கினார்கள். அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தோணிசாமியைக் கிளப் திரும்ப அழைத்தது. கையில் எடுத்திருந்த என்ஜின்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

தடை முடிந்து நான் போன அன்று அவர்தான் பெட்ரோல் ஊற்றினார். கையெழுத்துப் போட்டார். டேங்க்கைத் தட்டவில்லை. ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

"ஏறிப் பாருங்க சார்."

"நீங்க சொன்னா எனக்குப் போதும்ண்ணே."

"எனக்குப் போதாது. ஏறுங்க."

ஏறி மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை பெட்ரோல் நின்றது.

"இன்னா இருக்குது? வாயால சொல்லுங்க."

"புல்."

"கமிட்டி ரூமுக்குக் கேக்கல சார்."

சத்தமாகச் சொன்னேன். ஹாங்கர் கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு, வேலையை விடும் நாள் வரை, நான் மூடியைத் திறந்து பார்க்காமல் ஒரு விமானத்தையும் எடுத்ததில்லை. இன்னொருவரின் கையெழுத்து நம்மைக் காப்பதற்கு மட்டும் இல்லை. அதை நாமும் காக்க வேண்டும்.

அன்றும் விழுப்புரம்தான். ஜங்ஷனுக்கு மேலே ஒரு முறை திரும்பி, வந்த லைனையே பிடித்துக்கொண்டு வந்தேன். தரையில் நிறுத்தி நான் சீட்டைவிட்டு இறங்குவதற்குள் அந்தோணிசாமி ஏணியில் ஏறிக் குச்சியை விட்டார். வெளியே எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"கணக்கு சரியா இருக்குது சார்" என்றார்.