அக்காவின் ஈரலுக்குப் போட்ட குழாய்

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரியவர்கள் நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் திறக்காது. பிழையாக ஏதும் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் பேசுகிறவள் அக்காதான். அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை அவளே சொல்லியிருப்பாள், கேட்கிறவர்கள் சிரிக்கவும் சிரித்திருப்பார்கள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். அக்கா றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்த பிறகு நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளிலேயே பக்கத்துக் காம்பராவுக்கு வந்துவிட்டாள். அவளுடைய கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டது பால் நிறுக்கிற ஐயா.

"என்னா, கண்ணுல மஞ்சத்தூள் விழுந்துருச்சா?" என்று கேட்டாராம்.

"ஒங்க தராசப் பாத்துப் பாத்து கண்ணு இப்புடி ஆயிருச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மஞ்சள் காமாலை என்றால் எங்கள் பக்கம் செய்வதையெல்லாம் செய்தோம். கீழ்க்காய்நெல்லியை அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தோம். கோயில் பூசாரி கையில் நூல் கட்டினார். அவள் வீட்டில் மட்டுமல்ல, என் வீட்டிலும் எண்ணெயையும் மஞ்சளையும் நிறுத்தினோம். மஞ்சள் குறையவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சீப்பின் பின்பக்கத்தால் முதுகைச் சொறிந்துவிடச் சொல்லுவாள். சொறிந்த இடத்தில் இரத்தம் கண்டிருக்கும், இன்னும் சொறி என்பாள். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனதையும், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனதையும் வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அதைச் சொன்ன அன்றுதான் என் வீட்டுக்காரர் த்ரீவீலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஸ்கேன் எடுத்த பிறகு டொக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். சிங்களத்தில்தான் பேசினார். ஈரலிலிருந்து பித்தம் இறங்குகிற வழியில் ஒரு கட்டி, புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றார். வெட்டி எடுக்க இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் இவ்வளவு மஞ்சளோடு வெட்டினால் உடம்பு தாங்காது. முதலில் தேங்கின பித்தத்தை வெளியே எடுக்க வேண்டும். வாய் வழியாக முயற்சி செய்து பார்த்தார்கள், முடியவில்லை. இனி விலா எலும்புகளுக்கு இடையில் குத்தி, ஈரலுக்குள் ஒரு மெல்லிய குழாயைப் போட்டு, பித்தத்தை ஒரு பையில் இறக்குவதுதான் வழி.

வெளியே வந்ததும் அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். "பித்தப் பையில கல்லாம்டி. கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு, அப்புறம் ஆபரேசன் பண்ணிருவாங்களாம்."

எனக்குச் சிங்களம் பேச வெட்கமே தவிர, நன்றாக விளங்கும். அது அவளுக்கும் தெரியும். சரி அக்கா என்றேன்.

குழாய் போடுவது உடனே நடக்கவில்லை. வார்டில் வழக்கமாகப் பாவித்த குழாய் முடிந்துவிட்டது. அதே கம்பனியின் குழாய் இப்போது நாட்டுக்கு வருவதில்லையாம். வேறொரு கம்பனியின் புதுக் குழாய் வந்து ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருந்தது. ஆனால் மருந்துக்கும் இந்த மாதிரிச் சாமான்களுக்கும் அனுமதி கொடுக்கிற கொழும்புக் காரியாலயம் அதைப் பார்த்து முடிக்கவில்லை. அனுமதி வரும் வரைக்கும் பெட்டியின் சீலை உடைக்கக் கூடாது.

நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மருந்து கொடுக்க வந்த மிஸ்ஸிடம் அக்கா தினமும் கேட்பாள். "எங்க மிஸ் அந்தப் பெட்டி? கீழயா இருக்கு? ஒருக்கா தூக்கிட்டு வந்து காட்டுங்களேன். சாமி கும்புடுற மாதிரி கும்புட்டாவது பாக்குறேன்."

மிஸ் சிரிப்பார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கிற சாமானைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு மனுசியைச் சொறிய விடுகிறார்களே என்று கோபம்தான் வந்தது. அதை யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "கள்ளமா ஒண்ணு வாங்க முடியாதாங்க?" என்று கேட்டேன்.

கடைசியில் அவர்தான் அதை டொக்டரம்மாவிடம் கேட்டுவிட்டார். வெளியில் எங்கேயாவது எடுத்துத் தந்தால் போடுவீர்களா என்றார். டொக்டரம்மா கோபப்படவில்லை. அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் குழாய் ஈரலுக்குள்ளே மாதக்கணக்கில் கிடக்க வேண்டியது என்றார். பித்தத்தில் ஊறி உடைந்தால் துண்டு உள்ளேயே தங்கிவிடும். அது வெளியே நழுவாமல் இருக்க நுனி சுருண்டு நிற்க வேண்டும், ஒரு நூல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நூல் தாங்குமா, சரியாகக் கிருமி நீக்கினார்களா என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால் தனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் தன்னால் போட முடியாது. தானும் கடிதம் கொடுத்துவிட்டுத் தினமும் ஃபோன் எடுத்துக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னார்.

"அது சரிதாங்க டொக்டரம்மா" என்றாள் அக்கா. "புதுக் கத்தி குடுத்தா நானும் மொதல்ல ஓரத்து மரத்துலதான் வெட்டிப் பாப்பேன்."

டொக்டரம்மா போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "சீக்கிரம் பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. வாய் வரலடி" என்றாள். அக்காவுக்கு வாய் வராமல் போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு பகடி குறைந்தது. சாப்பாட்டைக் கண்டாலே வாந்தி. தோல் பழைய பித்தளை நிறத்துக்குப் போய்விட்டது. சொறியாமல் இருக்க இரண்டு கைக்கும் துணி சுற்றிவிட்டார்கள். நான் போகிற நாளெல்லாம் வார்டு வாசலில் நின்று, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

ஒரு நாள் காலையில் டொக்டரம்மா ஃபோனைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தார். அனுமதி கிடைத்துவிட்டது. முதலில் கொஞ்சம் குழாய்களைப் பாவிக்கலாம், அவை எப்படி இருக்கின்றன என்று எழுதி அனுப்ப வேண்டும், மற்றதை அதற்குப் பிறகு விடுவார்களாம். அன்றைக்கே அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது வலது விலாவிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, பையில் போய்ச் சேர்ந்திருந்தது. பைக்குள் கரும்பச்சையாகப் பித்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி, எனக்கும் சிரட்ட கட்டிட்டாங்க. நல்ல மரம் போல இருக்கே, நிக்காம வடியுது" என்றாள். றப்பர்ப் பால் வடிய மரத்தில் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டையைத்தான் சொன்னாள்.

சில நாளில் அரிப்பு நின்றது. கண்ணில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. வார்டில் கட்டில் போதாது, வீட்டில் இருந்தபடி க்ளினிக்குக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். பை நிறைய விடக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, குழாயை இழுக்கக் கூடாது என்று மிஸ் எல்லாவற்றையும் செய்து காட்டினார். குழாய் அடைத்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். அக்கா நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பழையபடி ஆகிக்கொண்டு வந்தாள். பையை ஒரு துணிப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் உட்காருவாள். போகிற வருகிறவர்கள் நின்று பேசுவார்கள். "என்னா அக்கா, பால் எவ்வளவு?" என்று ஒருத்தி கேட்டால், "ஒன்னய விடக் கூடத்தான். நீ வெட்டுற மரத்துல தண்ணிதான வருது" என்பாள். அடுத்த க்ளினிக்கில் இரத்தம் பார்த்த டொக்டரம்மாவுக்குச் சந்தோசம். மஞ்சள் நன்றாக இறங்கிவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டேன், அடுத்த கிழமை வந்து வார்டில் படுக்க வேண்டும் என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா பேசிக்கொண்டே வந்தாள். என் வீட்டுக்காரரின் த்ரீவீலை மாட்டு வண்டி என்று கேலி செய்தாள்.

வார்டுக்குப் போக இன்னும் ஓரிரு நாள் இருந்தது. விடியற்காலை பிளேன்டீ எடுத்துக்கொண்டு அவள் காம்பராவுக்குப் போனேன். பால் வெட்டுகிறவர்கள் எழும்புகிற நேரம். வேலைக்குப் போகாவிட்டாலும் அவள் அந்த நேரத்துக்கு எழும்பிவிடுவாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"வடியிறது நின்னுபோச்சுடி" என்றாள். "பாத்தா ஒட்டுப்பால் கட்டியிருக்கு. உரிச்சு விட்டுட்டேன். இனி வரும்."

றப்பர் மரத்தில் முந்தின வெட்டில் வடிந்து காய்ந்த பால், வெட்டின கோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் ஒட்டுப்பால். அதை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் நீளமாக உரித்து எடுத்த பிறகுதான் புதிதாக வெட்டுவார்கள். அக்கா பாவாடை கட்டத் தொடங்கிய வயதிலிருந்து இதைச் செய்கிறவள். குழாய் நுழைகிற இடத்தைச் சுற்றிப் பித்தம் கசிந்து பொருக்காகக் காய்ந்திருந்தது. அதை அவள் அப்படியே உரித்திருந்தாள். உரித்ததை எனக்குக் காட்டக் கையில் வைத்திருந்தாள். அறுந்துவிடாமல் நீளமாக எடுத்ததில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதோடு சேர்ந்து, குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையல் நூலும் பிளாஸ்டரும் வந்திருந்தன. குழாய் முன்பு வெளியே தெரிந்ததைவிட நாலு விரல் கூடுதலாகத் தெரிந்தது. பித்தம் பைக்குள் போகாமல் இடுப்பில் வடிந்துகொண்டிருந்தது.

பிளேன்டீயை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

மழையில்தான் கொண்டுபோனோம். பாதி வழியில் நடுக்கம் தொடங்கிவிட்டது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பல் அடிக்கிற சத்தம் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்டது. "குளுருதுடி, குளுருதுடி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

டொக்டரம்மா சட்டையை விலக்கிப் பார்த்தார். எப்படி ஆனது என்று கேட்டார். அக்கா சிங்களத்தில் சொன்னாள். பெருவிரல் நகத்தைக் காற்றில் வைத்து, கிளப்புவது எப்படி, இழுப்பது எப்படி என்று காட்டினாள். டொக்டரம்மாவின் ஊரும் றப்பர்க் காட்டுப் பக்கம்தானாம். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஐயோ அக்கே" என்று மட்டும் சொன்னார்.

குழாயின் சுருண்ட நுனி ஈரலை விட்டு வெளியே வந்துவிட்டது. பித்தம் வயிற்றுக்குள் கசிந்து, கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தது. போட்ட வழியும் மூடிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. புதுக் குழாய் வேண்டும். முதல் அனுமதியில் விட்ட குழாய்கள் எல்லாம் அதற்குள் மற்ற நோயாளிகளுக்குப் போட்டு முடிந்திருந்தன. மீதிப் பெட்டிகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. டொக்டரம்மா வேறு ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் எடுக்கத் தொடங்கினார். வராந்தாவில் நடந்து நடந்து பேசினார். ஓர் இடத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது, ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று பிறகு வந்து சொன்னார்.

மத்தியானம் அக்கா கண் திறந்தாள். சேலைன் இரண்டு கையிலும் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டரம்மாவைப் பார்த்து, "ஆபரேசன் நாளு தவறிப் போகாதுங்களே?" என்று தமிழில் கேட்டாள். டொக்டரம்மாவுக்கு அவ்வளவு தமிழ் தெரியும். முதலில் காய்ச்சல் இறங்கட்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

"நான் புடுங்கலீங்க" என்றாள் அக்கா. "அடச்சத எடுத்து விட்டேன். அவ்வளவுதான்."

டொக்டரம்மா தெரியும் என்று சொல்லி அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் குழாய் வந்தது. இடது பக்கமாகப் போட்டார்கள். கிருமி ஈரலில் சீழ்க்கட்டியாகிவிட்டது, இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்று டொக்டரம்மா என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அக்கா அதற்குப் பிறகு லயத்துக்குத் திரும்பி வரவில்லை.