சுவரில் மரூலாவின் கைகள்

கணவன் சொன்ன எதற்கும் லூக்கியா ஒரு தடவைகூட "ஆமாம்" சொன்னதில்லை என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து மணப்பெண்ணாகக் கழுதைமேல் வந்து இறங்கியவளிடம், "களைச்சுப் போயிருப்ப" என்று ஸ்தீலியானோ ஆசையாகச் சொன்னானாம். "நான் எதுக்குக் களைக்கணும்? நடந்தது கழுதை" என்றாளாம் இவள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. திராட்சைக் கொடியை எந்தக் கணுவில் வெட்டுவது என்பதிலிருந்து அவரைக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்பதுவரை தினம் சண்டை. ஆனாலும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள். பாவ்லோ பிறந்தான், மரூலா பிறந்தாள். கடைசிப் பிள்ளை நிக்கோலா நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான்.

மரூலா வளர்ந்து, பிரபுவின் கோட்டையில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ஒரு பரங்கிக்காரனோடு தலைநகர் லெவ்கோசியாவுக்கு ஓடிப்போனாள். கடல் தாண்டி வந்து எங்கள் தீவைப் பிடித்தவர்கள் பரங்கிகள்; பிரபு பரங்கி, ராஜா பரங்கி, வரி வாங்குகிறவனும் பரங்கி. அதையெல்லாம் காலங்காலமாகப் பொறுத்துக்கொண்ட ஸ்தீலியானோவுக்கு மாப்பிள்ளை பரங்கி என்பது மட்டும் பொறுக்கவில்லை. "நம்ம மாதிரி புளிச்ச அப்பம் வைக்காம, புளிக்காத அப்பத்தை வச்சுப் பூசை பண்றவன் வீட்டுலயா எம் பொண்ணு?" என்று ஊர் கேட்கக் கத்தினான். பிறகு அவள் பேரை எடுக்கவே இல்லை. வந்து பார்க்கட்டுமா என்று அவள் கழுதைக்காரர்கள் மூலம் கேட்டனுப்பியதற்கும் பதில் போகவில்லை. அந்த வீட்டில் சண்டைகூட நின்றுபோனது. லூக்கியாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

விளைச்சல் நன்றாக இருந்த ஒரு வருஷம், புதிதாகக் கட்டிய மாதா கோவில் சுவர்களுக்குத் தன் செலவில் படம் எழுதித் தருவதாக ஸ்தீலியானோ நேர்ந்துகொண்டான். படம் எழுதும் சிமியோன் மேஸ்திரி வந்து சாரம் கட்டினார். மேலே கிறிஸ்துவும் மாதாவும் புனிதர்களும். கீழே, வாசலை ஒட்டி, படத்துக்குப் பணம் கொடுத்தவனின் குடும்பம் சிறியதாக மண்டியிட்டிருக்கும். உயிரோடு இருப்பவர்கள் கைகளை ஏந்தி வேண்டுவார்கள். இறந்தவர்களின் கைகள் நெஞ்சின்மேல் குறுக்கே கட்டியிருக்கும். கோவில் நிற்கும்வரை ஊரார் அவர்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வார்கள்.

"பிள்ளைங்க எத்தனை? இருக்கறவங்க, போனவங்க எல்லாரையும் சொல்லுங்க" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஒருத்தன் இருக்கான். ஒருத்தன் போயிட்டான்" என்றான் ஸ்தீலியானோ.

"மரூலா?" என்றாள் லூக்கியா.

"அவ செத்துட்டா."

"வாயக் கழுவுங்க!"

"செத்துட்டா. இனிமே அந்தப் பேச்சே கூடாது."

லூக்கியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குடும்பமே சுவரில் கூடியிருக்க, பெற்ற மகள் மட்டும் யாருடைய வேண்டுதலிலும் இல்லாமல் அந்நியர்களுக்கு நடுவில் கிடப்பதா?

மறுநாள் அவன் தோட்டத்துக்குப் போனதும் ரொட்டியும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். ஈரச் சாந்தில் எல்லா முகங்களும் பச்சையாக இருந்தன.

"என்ன மேஸ்திரி, குடும்பத்துக்கே பித்தம் பிடிச்ச மாதிரி இருக்கு?"

"முதல்ல பச்சை. வெளிச்சம் அப்புறம்தான் ஏத்துவேன். பொறுங்கக்கா."

"எம் புருஷன் நேத்து என்ன சொன்னாரு? பொண்ணு செத்துட்டான்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"செத்த பிள்ளைக்குச் சுவத்துல இடம் உண்டா இல்லையா?"

"உண்டு. ஆனா..."

"அப்ப அவளையும் எழுதுங்க. கையைக் கட்டி எழுதுங்க."

மேஸ்திரி தூரிகையைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்கற பொண்ணுக்கா? பெத்தவ பேசற பேச்சா இது?"

"அவ சாகலைன்னு அந்த மனுசன் வாயால சொல்லணும். எனக்கு வேற வழி தெரியல."

"பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாருன்னா?"

"எம் பொண்ணை நானே கொன்னவளாயிடுவேன். எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் பக்கத்தில் நின்று அடையாளம் சொன்னாள்: இடது புருவம் சற்று ஏறியிருக்கும், அப்பாவைப் போல. கைகளை எழுதியபோது மட்டும் வெளியே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை ஸ்தீலியானோ லூக்கியாவோடு கோவிலுக்குள் நுழைந்தான். தன் மீசை சரியாக வந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான். பாவ்லோவைப் பார்த்தான், குட்டி நிக்கோலாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்கடுத்து மண்டியிட்டிருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"கையைப் பிரிச்சு விடு" என்றான்.

"சாந்து இறுகிடுச்சே" என்றார் மேஸ்திரி.

"கொத்தி எடு."

"எதுக்குக் கொத்தணும்?" என்றாள் லூக்கியா. "செத்தவங்களுக்கு அப்படித்தானே எழுதுவாங்க?"

"அவ சாகலடி!" என்று அலறினான். "எம் பொண்ணு உயிரோட இருக்காடி!" அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். மேஸ்திரி உளியைத் தேடி எடுத்தார்.

அன்றைக்கே பாவ்லோவைக் கோவேறு கழுதையோடு லெவ்கோசியாவுக்கு அனுப்பினான். "அந்தப் பரங்கியையும் கூட்டிட்டு வா. கழுதைக்கு லாடம் தேஞ்சிருக்கு."

மாதா திருநாளன்று மரூலா புருஷனோடு வந்து நின்றாள். ஊர் கூடியிருந்தது. அவள் சுவரில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஏந்திய கைகளை வெகுநேரம் பார்த்தாள். புதுச்சாந்தின் நிறம் சுற்றியிருந்ததோடு ஒட்டாமல் கட்டம் கட்டித் தெரிந்தது.

"என் கைக்கிட்ட மட்டும் ஏம்மா வேற மாதிரி இருக்கு?"

லூக்கியா கணவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேஸ்திரிக்குக் கை தவறிடுச்சு" என்றான்.

"அப்படியாம்மா?" என்றாள் மரூலா.

"ஆமாம்" என்றாள் லூக்கியா.