வளைகாப்புக்கு மாமா ஊதிய கொடி

என் சின்ன மாமா அம்பாங்கானில் ஒரு கடையில் மோட்டார் சைக்கிள் டாங்கிகளுக்குப் படம் போடும் வேலை செய்துவந்தார். புலி, நெருப்பு, கழுகு என்று எதைக் கேட்டாலும், பேனா அளவேயுள்ள ஒரு ஸ்ப்ரேயால் ஊதி வரைந்துவிடுவார். பெருநாள் காலத்துச் சந்தைகளில் அதே கருவியால் பையன்களின் தோளில் தேள் வரைவார். அதற்கு மை மட்டும் வேறு. டாங்கிச் சாயம் தோலைப் பொசுக்கிவிடுமாம். தோலுக்கான மை சில நாளில் தானாக உரிந்துவிடும்.

அப்பாவுக்கு மாமாவைக் கண்டாலே ஆகாது. முடி வளர்த்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல் திரிகிறவர் என்று ஏசுவார். அதனால் அக்காவின் வளைகாப்புக்கு முதல் நாள், அம்மாவே ஆள் அனுப்பி மாமாவை நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்துக்கு வரவழைத்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அக்காவைக் கெமாஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம். அன்று காலையில்தான் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கியிருந்தாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய பாஜுச் சட்டை போட்டிருந்தாள். அப்பா செம்பனைக் குலை வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். அக்கா சட்டைக் கையைச் சுருட்டி மேலே விட்டாள். முழங்கைக்குக் கீழே கருநீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது. ஓரிடத்தில், துணி தேய்க்கும் பெட்டியின் முனையை வைத்து அழுத்தியது போல ஒரு முக்கோணம், சிவந்து காய்ந்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன்.

மாமா நம்பவில்லை. அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, இது வழுக்கி விழுந்த கையா? மச்சான்கிட்ட சொல்லுக்கா."

"சொன்னா? அந்த மனுசன் குலை வெட்டற அருவாளோட இன்னைக்கே கெமாஸுக்குக் கெளம்பிருவாரு. அப்புறம் அவரு ஜெயில்ல, நாங்க ரோட்டுல. நாளைக்கு வளையல் போட்டதும் இவ இங்கதானே இருக்கப்போறா. புள்ள பொறக்கட்டும். மெதுவா பேசிக்கலாம்."

"இங்கயே இருந்துடறேம்மா," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"இருடி. உன்னை யாரு போவச் சொன்னா?"

வளைகாப்பில் கையை ஒளித்துவைக்க முடியாது. வருகிற பெண்கள் எல்லோரும் கையைப் பிடித்துச் சந்தனம் தடவி வளையல் போடுவார்கள். மருதாணி வைத்தாலும் கன்றிய கருப்பு மறையாது. மாமாவின் மை மறைக்கும் என்று அம்மாதான் யோசித்திருக்கிறாள்.

மாமா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கையைத் துடைத்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிந்தாள். அவளுக்குக் கூச்சம் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா பிளாஸ்டிக்கில் வெட்டிய அச்சைத் தோலோடு அழுத்திவைத்து கம்ப்ரசரை ஓடவிட்டார். அது உறுமிய உறுமலில் அம்மா பயந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். மருதாணி நிறத்து மை புகைபோல இறங்கி, அச்சை எடுத்ததும் கொடியாக நின்றது. கன்றிய இடங்களில் இலைகளை நெருக்கி ஊதினார். முக்கோணத்தின் மேல் பெரிய மாங்காய் ஒன்றைப் போட்டார். கடைசியில் பவுடர் தட்டினார். அக்காவின் கை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். "அவளுக்கும் ஒண்ணு போட்டுவிடு. கேட்டா எல்லாருக்கும் போட்டான்னு சொல்லிக்கலாம்," என்றாள் அம்மா. என் கையில் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மாமா சொன்னார்: "தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது. எண்ணெய் மட்டும் படக்கூடாதுக்கா. இழுகிட்டு வந்துரும்."

அம்மா அன்று அக்காவின் தலைக்குக்கூட எண்ணெய் வைக்கவில்லை. மாலையில் அப்பா வந்து பார்த்தார். "டாங்கிக்கு அடிச்சது பத்தாதுன்னு என் மக கைக்கும் அடிச்சிட்டானா?" என்று முணுமுணுத்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் கெமாஸிலிருந்து வேனில் வந்தார்கள். அத்தானும் மற்ற ஆண்களும் வெளியே கூடாரத்தில் அப்பாவோடு உட்கார்ந்தார்கள். அக்காவின் மாமியார் உள்ளே வந்ததும் முதலில் கையைத்தான் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, "அழகா இருக்கு," என்றார்.

சந்தனம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வளையல் போடும்போது கை வீங்கியிருந்ததால் கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. "புள்ளத்தாச்சி கையை இப்படி முறுக்காதீங்க லா, வளையல் உடைஞ்சிடும்," என்று பக்கத்து வீட்டு அத்தை விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை முக்கி, அக்காவின் முட்டியிலிருந்து முழங்கை வரை வழித்துத் தேய்த்தார். சமையலறையிலிருந்து தட்டோடு வந்த அம்மா கிட்டே வருவதற்குள் தேய்த்து முடித்துவிட்டார்.

இலைகள் கலங்கின. அத்தை துண்டை எடுத்துத் துடைக்கத் துடைக்க, கன்றிய பட்டைகள் வெளியே வந்தன. பிறகு அந்த முக்கோணம். பாட்டு நின்றுபோயிற்று.

"மாமாவைக் கூப்பிடவா? மறுபடி ஊதச் சொல்லலாம்," என்றேன் நான்.

"சும்மா இருடி!"

கூடாரத்தில் அப்பா எதற்கோ உரக்கச் சிரித்தார். பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மாமியார்தான் முதலில் அசைந்தார். கை நிறைய வளையலை அள்ளி அக்காவின் கையில் ஏற்றினார். "பாட்டை ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க." பக்கத்து வீட்டு அத்தையும் அவசர அவசரமாக ஏற்றினார். எண்ணெயில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. முழங்கை வரை தோலே தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமியார் கூடாரத்துக்குப் போனார். "கிளினிக் அட்டையெல்லாம் எங்க வீட்டுலதான் இருக்கு சம்மந்தி. இப்ப கூட்டிக்கிட்டுப் போயிட்டு, பிரசவத்துக்கு முன்னால கொண்டாந்து விட்டுடறோம்."

"வளையல் போட்டா தாய் வீட்டுலதானே இருக்கணும்?" என்று அப்பா அம்மாவைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அக்கா தங்கினால், முழங்கை வரை வளையலோடு படுக்க முடியாமல் அன்றிரவே பாதியையாவது கழற்ற வேண்டியிருக்கும். அப்பா கையைப் பார்த்துவிடுவார்.

"அவங்க சொல்றதும் சரிதாங்க," என்றாள் அம்மா.

அக்கா வேனில் ஏறினாள். பிரசவத்துக்கு அவளைக் கொண்டுவந்து விடவில்லை. அவள் மகனுக்கு இப்போது கல்யாண வயது. அக்கா இன்றும் முழுக்கை பாஜு இல்லாமல் வெளியே வருவதில்லை.

அன்று மாலை, எனக்கும் அக்கா மாதிரி வளையல் வேண்டும் என்று அழுதேன். அம்மா என்னை அறைந்தாள். பிறகு என்னைவிட அதிகமாக அவள்தான் அழுதாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பட்டாம்பூச்சியைக் காட்டினேன். நம் தோட்டத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு வளையல் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.