பிரேக்குக்குப் பதில் கல்

என்டோட்டோ மலைச்சாலை எங்கள் ஷிரோ மெடா பேட்டைக்குள் இறங்கும் சரிவில் நீலநிற லாடா டாக்சிகள் வரிசையாக நிற்கும். நிற்கும் என்று சொல்வதே பொய். முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல் கிடக்கும், அதுதான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வரிசையின் அடியில் ஜெனெபெச் காபி விற்றாள். பக்கத்தில் நான் வறுத்த பார்லி விற்றேன்.

புருஷன் விட்டுப் போன பிறகு ஜெனெபெச்சுக்கு அந்தத் துண்டு இடம்தான் எல்லாம். அதில் உட்கார்ந்துதான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். வாய் கொஞ்சம் நீளம். காபி தண்ணியாக இருக்கிறது என்று எவனாவது சொன்னால், "உன் மூஞ்சிக்கு இது போதும்" என்பாள். ஆனாலும் கூட்டம் அவளிடம்தான்.

ஒரு காலையில் லெம்மா என்ற டிரைவரின் லாடா, கல்லின் மேல் ஏறித் தாண்டி உருண்டு வந்து அடுப்பை இடித்தது. கொதித்துக்கொண்டிருந்த மண்குடம் அவள் வலது பாதத்தில் கவிழ்ந்தது. தோல் வழன்றுவிட்டது. லெம்மாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்த அன்று அவன் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்கே ரத்தம் கொதித்தது. முன்னதைவிடப் பெரிய கல்லாகக் கொண்டுவந்து போட்டிருந்தான்!

"இது அசையாதுக்கா. நானே தூக்கிட்டு வந்தேன்."

"உன் வண்டியில ஹேண்ட்பிரேக் இருக்கா இல்லையாடா?"

"இருக்கு. பிடிக்காது. எந்த லாடாவுலக்கா பிடிக்குது?"

மற்ற டிரைவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஜெனெபெச் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டுமாம். அங்கே நாய்கூட வராது. "வண்டி உருளும், நான் நகரணுமா?" என்று அவள் போட்ட சத்தம் சந்தை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் லெம்மா இளித்துக்கொண்டே வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து ஹேண்ட்பிரேக் கேபிளின் நட்டை முறுக்கிவிட்டானாம். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் ரிப்பேர். லீவர் விறைப்பாகிவிடும், மேடு ஏறினால் பின்சக்கரம் புகையும், மறுபடி நட்டைத் தளர்த்துவார்கள், மறுபடி கல்.

"இப்ப இரும்பா பிடிக்குதுக்கா."

ஜெனெபெச் முக்காலியை அவன் வண்டியின் மூக்குக்கு நேர் கீழே போட்டாள். "கல்லை எடுத்துட்டு இங்க உக்காரு. மூணு கோப்பையும் இங்கேயே குடிக்கணும்." எங்கள் ஊரில் காபி என்றால் மூன்று கோப்பை, அதற்கு முன் யாரும் எழக்கூடாது.

உட்கார்ந்தான். முதல் கோப்பை முடிவதற்குள் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தான்! எங்கோ கிறீச்சென்று ஒரு சத்தம். கோப்பையை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தான்.

"மூணாவதுலதான்டா ஆசீர்வாதம்! பாதியில எந்திரிக்கிற?"

"வேணாங்க்கா."

முதல் கோப்பையோடு எழுந்து போன மனிதனை அன்றுதான் பார்த்தேன். வரிசை முழுவதும் சிரித்தது. அவன் கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிரும் என்ற மெக்கானிக்கைக் கூட்டி வந்தான்.

"எவன்டா இதை முறுக்கினது? கேபிள் கடைசி வேலைடா!" என்று கத்திக்கொண்டே கிரும் முதலில் அதைத் தளர்த்தினான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே இருந்த கரித்தூளைத் தட்டி மாட்டினான். சக்கரத்தின் பின்தகட்டில் இரண்டு நட்டுகள். ஒவ்வொன்றையும் பிரேக் கட்டை டிரம்மில் உரசும் வரை திருப்பி, உரசல் நிற்கும் அளவுக்குத் துளி பின்னால் விட்டான். அடுத்த சக்கரத்துக்கும் அதே. அதற்குப் பிறகுதான் கேபிளை இறுக்கினான். என் பார்லியில் பாதி விற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கல்லை எடுத்தார்கள். வண்டி அசையவில்லை. லெம்மா கீழே உட்கார்ந்து மூன்றாவது கோப்பை வரை குடித்தான்.

"நின்னுடுச்சு பாருங்க. இனிமே நீங்க எங்கேயும் போக வேணாம். சிரிங்கக்கா!"

ஜெனெபெச் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலையும் அந்தச் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இவ்ளோ சின்ன வேலையாடா இது? இதைச் செய்ய வலிச்சுதான் என் காலை வேக வச்சீங்களா?"