ஏணிக்கு ஒரு கோப்பை

தையல்காரிக்கு வாய்த்த புருஷன் நிலைப்படிக்கு நிலைப்படி குனிந்து போகிற உயரம். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் அவரை ‘ஏணி’ என்பார்கள். பொருத்தமான பேர்தான். ஏணி என்றைக்கு ஒரே சுவரில் நின்றிருக்கிறது?

அந்த மனுஷனுக்கு ஒரே பைத்தியம், கோப்பை. மின்வாரிய அணியில் இருந்தால் கிடைக்காது என்று வங்கி அணிக்குப் போனார். அவர் விலகிய வருஷமே மின்வாரியம் கோப்பையைத் தூக்கியது. வங்கியை விட்டுச் சிமென்ட் ஆலை அணிக்குப் போனார். உடனே வங்கி தூக்கியது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்!

அணி மாறினால் வேலை மாறும், வீடு மாறும், ஊரும் மாறும். ஒவ்வொரு ஊரிலும் தையல் மெஷினை இறக்கி, கிழிசல் தைத்து, பேண்ட் நீளம் குறைத்து, அவள் மெல்ல வாடிக்கை பிடிப்பாள். “அக்கா கை வச்சா அளவு தப்பாது” என்று நாலு பேர் சொல்லத் தொடங்கும்போது சாமான் ஏற்றும் வண்டி வாசலில் நிற்கும். எரிச்சல் வருமா, வராதா?

சிமென்ட் ஆலையில் சில வருஷம் தாக்குப்பிடித்தவரைப் போன வருஷம் துறைமுக அணி கூப்பிட்டது. நடப்பு சாம்பியன்கள்.

“இது ஒண்ணுதாம்மா. ஒரே ஒரு கோப்பை. அப்புறம் நீ சொல்ற ஊர்ல உக்காந்துடறேன்.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?”

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு. உங்க கால் மேலதான் இல்ல.”

புலம்பிக்கொண்டே வந்தாள். கடைத்தெருவில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கடை பிடித்தாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்தது. இனி இங்கிருந்து நகர்வதில்லை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி யார்? அதே சிமென்ட் ஆலை. துறைமுகம் ஒரு புள்ளி முன்னால். சில விநாடிகளே பாக்கி, பந்து ஏணியின் கையில். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பேர் வந்து நெருக்கினார்கள். வலது பக்கத்தில் சிமென்ட் ஆலைக்காரன் ஒருவன், குறும்போ பழக்கமோ, பழையபடி குரல் கொடுத்தான்: “அண்ணே, இங்க!”

வருஷக்கணக்காகக் கேட்ட குரல். ஏணி திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அவன் கையில் கொடுத்தார். அவன் ஓடிப்போய்க் கூடையில் போட்டான். ஆட்டம் முடிந்தது.

“அட கடவுளே!” என்று தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கைக்கு எட்டினதைத் தானே தாரை வார்க்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் காலை ஏணி, ஆட்டத்தில் சுளுக்கிய காலோடு நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“சிமென்ட் ஆலையில திரும்பக் கூப்பிடறாங்கம்மா! நீங்க போடற பந்து இன்னும் எங்களுக்குத்தான் வருது, ஆளும் வந்துடுங்கன்னு சிரிக்கிறாங்க. பத்து மணிக்குப் போன் பண்ணுவாங்க.”

“போங்க.”

“நிஜமாவா? எப்போ கிளம்பலாம்?”

“நீங்க எப்ப வேணா கிளம்புங்க. மெஷின் வராது. நானும் வரல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“கோவமா?”

“பின்னே, கொஞ்சுவாங்களா? ஒவ்வொரு ஊர்லயும் அடுத்தவங்க ஜெயிக்கிறதுக்கு நான் மூட்டை கட்டினது போதும். எனக்கு இந்தக் கடை வேணும்.”

போன் அடித்தது. ஏணி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிமிராமல் ஒரு சட்டைக் காலரை மெஷினில் வைத்து மிதித்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“எடுக்கல,” என்றார் ஏணி, சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“மேல் தட்டுல நீல நூல்கண்டு இருக்கு, எனக்கு எட்டாது. அதையாவது எடுங்க.”