பச்சை மையில் திருத்திய ஹாஷ்

அந்தத் தாள் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வண்டன்மேட்டில் நான் வேலை பார்த்த ஏலக்காய் ஏல நிலையத்தில், கம்ப்யூட்டர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் அது. ஏல மென்பொருளின் ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே அதன் ஹாஷ், எண்ணும் எழுத்துமாக நீண்ட ஒரு வரி. கைரேகை மாதிரி. ஃபைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுவதும் மாறிவிடும். தினமும் காலையில் மிஷின் காட்டும் ஹாஷைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எங்கள் மானேஜருக்கு இதெல்லாம் இளக்காரம். ஏலக்காயில் அவர் புலி, மறுக்கவில்லை. தட்டில் ஒரு பிடியைக் கிளறியே மூட்டையின் தரத்தைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு பிடி அறிவை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்தார் மனிதர். ஒரு ஏல நாள் காலை, எடைச்சீட்டு அடிக்கும் ஃபைலின் ஹாஷ் பட்டியலோடு ஒத்துவரவில்லை. எனக்கு மூத்த ஆபரேட்டரான அக்கா மிஷினை நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, ஒரு பிடி காயப் பாத்து மூட்டையவே எடுக்கோம். இதுல பேரும் அதே, சைஸும் அதே. இன்னும் என்னத்த ஆராயணும்?” என்றார் மானேஜர்.

“பேரு அதேதான் சார். ஆனா இது நம்ம ஃபைல் இல்ல,” என்றார் அக்கா.

போடி வியாபாரிகள் வந்து காத்திருந்தார்கள். மானேஜர் பச்சைப் பேனாவை எடுத்தார். ஃபைலைத் தொடாமல் பட்டியலைத் திருத்தினார்! சரியான வரியை அடித்துவிட்டு, மிஷின் காட்டியதை மேலே எழுதினார். திருடனின் கைரேகையை வீட்டுக்காரன் பெயரில் பதிந்துகொண்ட மேதை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு காலையும் எல்லாம் அழகாக ஒத்துப்போயிற்று.

எடைச்சீட்டுகளில் கிலோ குறையத் தொடங்கியதும் சக்குபள்ளத்து விவசாயிகள் வந்து கத்தினார்கள். “அந்தப் பொம்பள தப்பா அடிச்சிருக்கா” என்று கூசாமல் கைகாட்டினார் மானேஜர். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு பிள்ளைகளையும் அவர் அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தார். போகும்போது, “செவுத்துல இருக்கறத எடுத்துக் காட்டு தம்பி” என்று என்னிடம் சொன்னார். நான் காட்டவில்லை.

பிறகு மிஷினைச் சோதிக்க வெளியிலிருந்து வந்த ஒருவர், மென்பொருள் செய்தவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் அடித்து நீக்கிய பழைய வரிதான் சரி என்றார். “எனக்கு அப்பவே சந்தேகம்” என்றார் மானேஜர். அந்த வாயைத் தைத்தால் என்ன என்று தோன்றியது. அக்காவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மானேஜரைத் திட்ட இன்றும் எனக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டியலில் எதைத் திருத்தினாலும் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. கண்ணாடிக்கு அடியில் அவருடைய பச்சை மை வெளிறிவிட்டது. அதன் பக்கத்தில், நீல மையில், என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.